முதல் குண்டு எங்கே விழுகிறது?

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முட்டி வலி இப்போது பரவாயில்லை.

அங்கே கனடாவில் மான் வேட்டைக்கு வைத்திருக்கும் துப்பாக்கியால் சுட்டு நீ அனுப்பிய டார்கெட் தாள் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முதல் தாளில் மூன்று ஓட்டையும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. அடுத்த தாளில் பரவி, மேலே ஏறியிருக்கிறது. "துப்பாக்கியை மாத்திடலாமாப்பா?" என்று கேட்டிருக்கிறாய். அவசரப்படாதே. ஃபோனில் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்றுதான் எழுதுகிறேன்.

எனக்கு வேட்டை தெரியாது. 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு நம் நாட்டில் அது படிப்படியாக நின்றேபோனது. ஆனால் ஒவ்வொரு தோட்டாவுக்கும் கையால் இழுத்துத் தள்ளும் போல்ட் துப்பாக்கி தெரியும். ராணுவத்தின் ஈ.எம்.ஈ. பிரிவில் ஆயுதங்களைப் பழுதுபார்க்கும் ஆர்மரராக இருந்த காலத்தில், தானே தோட்டா ஏற்றிக்கொள்ளும் எஸ்.எல்.ஆர். துப்பாக்கிதான் அன்றாட வேலை என்றாலும், த்ரீ நாட் த்ரீ என்ற பழைய லீ-என்ஃபீல்டும், அதே அமைப்பில் 1960களில் இஷாப்பூரில் 7.62 மி.மீ. தோட்டாவுக்காகச் செய்த 2ஏ1 துப்பாக்கியும் என் மேஜைக்கு வந்துகொண்டே இருக்கும். உன் டிக்கா டி3எக்ஸ் லைட்டின் .308 தோட்டாவும் அந்த 7.62-உம் அளவில் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒரு வித்தியாசம் உண்டு. எங்கள் லீ-என்ஃபீல்டில் போல்ட்டைப் பூட்டும் லக் என்ற புடைப்பு இரண்டும் பின்பக்கம் இருக்கும். உன்னுடையதில் முன்பக்கம், தோட்டா உட்காரும் சேம்பரை ஒட்டி இருக்கிறது. 1898-இல் ஜெர்மன் ராணுவம் எடுத்துக்கொண்ட மவுசர் போன வழி அது. வெடிக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே பூட்டு விழுவதால் போல்ட் அவ்வளவாக நெளியாது. நல்ல அமைப்பு.

சுடுவதற்கு முன் பார்க்க வேண்டியதை முதலில் பார். லைசென்ஸ் கோர்ஸில் சொல்லிக்கொடுத்தபடி, முனையைப் பாதுகாப்பான பக்கம் வைத்து, தோட்டா எல்லாம் எடுத்து, சேம்பரைக் கண்ணால் பார்த்த பிறகு செய். போல்ட்டை இழுத்து மூடி, சேஃப்டியைப் போட்டு, ட்ரிகரை நன்றாக அழுத்தி விடு. பிறகு ட்ரிகரில் விரல் வைக்காமல் சேஃப்டியை எடு. தோட்டாவை அடிக்கும் ஊசியான ஃபயரிங் பின் விழும் சத்தம் கேட்கக் கூடாது. அடுத்து, அதே வெறும் துப்பாக்கியில் சேஃப்டி போடாமல், தோளில் வைக்கும் பின்முனையைக் கெட்டியான ரப்பர் விரிப்பில் ஒரு தட்டு தட்டு. அப்போதும் ஃபயரிங் பின் விழக் கூடாது. இதில் எது நடந்தாலும் அந்தத் துப்பாக்கியை அப்படியே கடைக்குக் கொண்டுபோ. வேறு எதையும் பார்க்கவே வேண்டாம்.

இந்த மாடலில் ஒன்றைக் கவனித்தாயா? சேஃப்டி போட்டால் போல்ட்டும் பூட்டிக்கொள்ளும். புதருக்குள் நடக்கும்போது கைப்பிடி தானாகத் திறக்காது, அது சரி. ஆனால் தோட்டாவை இறக்க வேண்டுமென்றால் சேஃப்டியை எடுத்தே ஆக வேண்டும். சேம்பரில் உயிருள்ள தோட்டா, சேஃப்டி இல்லை, கையில் தடிமனான கிளவுஸ். இருட்டும் நேரத்தில் வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு இதைச் செய்யும்போது முனை எங்கே பார்க்கிறது என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. வெறும் துப்பாக்கியில், அதே கிளவுஸ் போட்டுக்கொண்டு, கை தானாகச் செய்கிற வரை பழகு.

ஒரு ஐந்து டாலர் நோட்டை பேரலுக்கும் அதைத் தாங்கும் கட்டையான ஸ்டாக்குக்கும் நடுவே விட்டு, சேம்பர் வரைக்கும் இழுத்துப் பார். எங்கேயும் மாட்டாமல் போனால் பேரல் எதையும் தொடாமல் நிற்கிறது என்று அர்த்தம். ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் ரிங்குகளின் ஸ்க்ரூக்களை, முடுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்ச் வைத்து ரிங் தயாரித்தவர்கள் சொன்ன அளவுக்கு முடுக்கு. என் அனுபவத்தில் "பேரல் சரியில்லை" என்று வரும் புகாரில் பாதி ஸ்க்ரூ தளர்ச்சிதான்.

இப்போது அந்த இரண்டு தாளுக்கு வருகிறேன். ஆறு தோட்டாவையும் நிறுத்தாமல் சுட்டதாக எழுதியிருக்கிறாய். லைட் மாடலின் பேரல் மெலிது. சில குண்டிலேயே நன்றாகச் சூடேறிவிடும். சூடேறினால் குண்டு விழும் இடம் நகரலாம். அது ஒரு காரணம். இன்னொன்று, மூன்று குண்டை வைத்து எந்தத் துப்பாக்கியையும் எடைபோட முடியாது. பரவலை அளக்கும் கோண அளவான எம்.ஓ.ஏ. (ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) 100 மீட்டரில் சுமார் 2.9 சென்டிமீட்டர். மூன்று குண்டு விழும் பரப்பு, அதாவது குரூப், சராசரியாக அந்த அளவு தரும் துப்பாக்கி, பத்துக் குண்டு சுட்டால் அதைப் போல ஒன்றரை மடங்குக்குச் சற்று மேலே பரவும். துப்பாக்கி கெட்டுவிட்டது என்று இதற்கு அர்த்தம் இல்லை, கணக்கே அப்படித்தான். ஒட்டிக்கொண்டு விழுந்த அந்த முதல் தாளை வைத்துக்கொண்டு பூரிக்கவும் வேண்டாம், இரண்டாம் தாளைப் பார்த்து வருந்தவும் வேண்டாம். இரண்டையும் சேர்த்து ஒரே தாளாகப் பார். மானின் நெஞ்சுக்கூட்டில் நீ குறி வைக்கும் இடம் 20 சென்டிமீட்டராவது இருக்கும். இந்தத் துப்பாக்கி அதற்குத் தாராளமாகப் போதும்.

ஆனால் மான் உன் குரூப்பைப் பார்க்கப் போவதில்லை. அதற்கு வருவது ஒரே குண்டு, அதுவும் குளிர்ந்த பேரலிலிருந்து. அதனால் நான் கேட்பது ஒன்றுதான். ரேஞ்சுக்குப் போகும் ஒவ்வொரு நாளும் முதல் குண்டை மட்டும் ஒரு தனித் தாளில் சுடு. தாளைக் கழற்றி, ஓட்டைக்குப் பக்கத்தில் தேதி போட்டு வை. அடுத்த முறை அதே தாளை மாட்டு. கொஞ்ச நாளில் அந்தத் தாளில் தெரியும் பரவல்தான் நிஜமான துப்பாக்கி, நிஜமான நீ. எவ்வளவு தூரம் வரை சுடலாம், எங்கே விரலை எடுத்துவிட வேண்டும் என்பதை அதிலிருந்து முடிவு செய். பாதி அடிபட்டு ஓடுகிற பிராணி ராத்திரி முழுக்கத் துடிக்கும், பாப்பா. அதை நினைத்துத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். குண்டின் எடை 150 கிரெய்னில் ஒன்று, 165-இல் ஒன்று என்று இரண்டு மூன்று வகைத் தோட்டா வாங்கிப் பார். ஒரு பேரலுக்குப் பிடித்தது இன்னொன்றுக்குப் பிடிக்காது. பிடித்ததை முடிவு செய்துவிட்டால் அதே தோட்டாவில் ஜீரோ செய், அதாவது குறி வைத்த இடத்திலேயே குண்டு விழும்படி ஸ்கோப்பைச் சரிசெய், சீசன் நடுவில் மாற்றாதே. சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூட்டை எடுத்துப் பார்: அடியை ஒட்டிப் பளபளப்பான வளையமோ வெடிப்போ தெரிந்தால் சுடுவதை நிறுத்திவிட்டு கன்ஸ்மித்திடம் காட்டு. மாப்பிள்ளையிடம் சொல்லி, உனக்குத் தெரியாமல் மேகசினில் நடுநடுவே டம்மித் தோட்டா போடச் சொல். டம்மி வரும்போது முனை குதித்தால் நீ உதைக்குப் பயந்து ஆடுகிறாய் என்று தெரிந்துவிடும். லேசான துப்பாக்கியில் .308 நன்றாகவே உதைக்கும், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

தோளில் வைத்துப் பார்க்கும்போது குளிர் ஜாக்கெட் போட்டுக்கொள். சட்டையில் சரியாக இருக்கிற ஸ்டாக், ஜாக்கெட்டில் நீளமாகிவிடும், கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் இடைவெளி மாறும். உங்கள் ஆல்பர்ட்டா குளிரில் போல்ட்டுக்குள் எண்ணெய் கெட்டியாகி ஃபயரிங் பின் மெதுவாக அடிக்கும். அதனால் பழைய எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்து, குளிருக்கான எண்ணெயை ஒரு சொட்டு மட்டும் விடு. வெளியிலிருந்து வந்ததும் துப்பாக்கிப் பெட்டியைத் திறக்காதே, வீட்டுச் சூட்டுக்கு வரட்டும். இல்லாவிட்டால் உள்ளே வேர்த்துத் துரு பிடிக்கும்.

சுத்தம் செய்வது எப்போதும் போல்ட்டைக் கழற்றி, சேம்பர் பக்கத்திலிருந்து. பேரலுக்குள் விட்டு இழுத்துத் துடைக்கும் புல்-த்ரூ கயிறு கோணலாக உரசி உரசி, பேரலின் வாய் தேய்ந்துபோன த்ரீ நாட் த்ரீக்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வேறெல்லாம் சரியாக இருக்கும், குண்டு மட்டும் நேராகப் போகாது.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. சேஃப்டி சோதனையை அதற்குள் செய்துவிட்டு என்ன ஆயிற்று என்று சொல்.

அன்புடன்,
அப்பா