சீட் பெல்ட் மாட்டாத வண்டியில் பாலைவனத்துக்கு அனுப்பினீர்கள்

வணக்கம்.

உங்கள் அலுவலகத்தில் புக்கிங் எடுத்த தம்பி என்னிடம் தமிழில்தான் பேசினார், அதனால் தமிழிலேயே எழுதுகிறேன். போன சனிக்கிழமை மாலை துபாயின் லஹ்பாப் மணல்மேடுகளில் டெசர்ட் சஃபாரிக்கு நண்பர்கள் ஆறு பேர் ஒரு லேண்ட் குரூசரை முழுதாக எடுத்திருந்தோம். ஆளுக்கு 150 திர்ஹாம், மொத்தம் 900, முன்கூட்டியே கட்டியாயிற்று. ஒரு காலத்தில் கராமாவில் ஒரே ரூமில் இருந்தவர்கள் நாங்கள். இப்போது ஒருவன் அபுதாபி, ஒருவன் ராஸ் அல் கைமா என்று சிதறிவிட்டோம், எல்லோருக்கும் ஒரே நாளில் லீவு அமைய நாலு மாதம் ஆனது. ரஃபீக் அடுத்த மாதம் வேலையை முடித்துக்கொண்டு ஊருக்கே போகிறான், அவனுக்காகத்தான் இந்த டிரிப்.

மூன்று மணிக்கு பிக்கப் என்றீர்கள், வண்டி வந்தது நாலேகாலுக்கு. ஹத்தா ரோட்டில் விரட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது மற்ற வண்டிகளெல்லாம் மணலுக்குள் போய்விட்டன. இருட்டுவதற்குள் முடிக்க வேண்டுமென்று உங்கள் ஓட்டுநர் எங்கேயும் நிறுத்தவில்லை, டயரில் காற்றையும் இறக்கவில்லை. நான் இதற்கு முன் இரண்டு முறை போனவன், இரண்டு முறையும் மணலில் இறங்கும் முன் முதல் வேலையே அதுதான். ரோட்டில் காற்றழுத்தம் 35 பிஎஸ்ஐ இருப்பதை 15 வரைக்கும் கொண்டுவந்தால் டயர் தரையில் அகலமாகப் படிந்து மணல்மேல் மிதந்த மாதிரி போகும். இறக்காவிட்டால் புதையும், புதையாமல் இருக்க வேகத்தைக் கூட்ட வேண்டும், வேகம் கூடினால் ஒவ்வொரு மேட்டிலும் வண்டி தூக்கிப் போடும். அன்றைக்கு எங்களை அப்படித்தான் தூக்கிப் போட்டது.

ரஃபீக் உட்கார்ந்தது கடைசி வரிசையில். அவன் பெல்ட்டின் பக்கிளுக்குள் சிவப்பு மணல் இறுகிப்போய்க் கிடந்தது. எத்தனை முறை அழுத்தியும் 'டிக்' என்ற சத்தம் வரவே இல்லை, கையை எடுத்தால் பெல்ட் கழன்று வந்துவிடும். ஓட்டுநரிடம் சொன்னோம். "மேலே கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள், ஒன்றும் ஆகாது" என்றார். மூன்றாவது மேட்டில் இறங்கும்போது அவன் தலை மேலே போய் உள்ளே இருக்கும் இரும்புச் சட்டத்தில் மோதிப் புருவம் கிழிந்துவிட்டது. போட்டோவுக்கென்று புதிதாக வாங்கிய வெள்ளைச் சட்டையின் முன்பக்கம் முழுக்க ரத்தம். அடுத்த மேட்டின் உச்சியிலேயே வண்டி சிக்கிக்கொண்டது. இழுத்துவிட இன்னொரு வண்டி இல்லை. முதலுதவிப் பெட்டியைத் திறந்தால் கட்டுப்போட ஒரு துணிச்சுருள்கூட இல்லை, என் கைக்குட்டையைத்தான் அழுத்திப் பிடித்திருந்தேன். அப்புறம் ஓட்டுநர் நாலு டயரிலும் காற்றை இறக்கினார், சக்கரத்தடியில் கொஞ்சம் மணலை வாரினார், வண்டி தானாகவே வெளியே வந்தது. பத்து நிமிட வேலை! அதை முதலிலேயே செய்ய அவருக்கு நேரம் இல்லாமல் ஆக்கியது யார்?

உங்கள் ஆபீசுக்கு அங்கிருந்தே போன் செய்தேன். கேம்ப்புக்குப் போங்கள், டின்னர் ரெடியாக இருக்கிறது என்றார்கள். ரத்தம் வழியும் ஆளை வைத்துக்கொண்டு என்ன டின்னர்? திரும்பி வந்து கிளினிக்கில் நாலு தையல் போட்டோம், 420 திர்ஹாம் ஆனது.

இரண்டு நாள் கழித்து நீங்கள் அனுப்பிய பதில், நாங்கள் கையெழுத்துப் போட்ட தாளின் ஒரு போட்டோவும், அடுத்த டிரிப்புக்கு 20 சதவீதம் தள்ளுபடியும். வண்டி குலுங்கும் என்று தெரிந்துதான் கையெழுத்துப் போட்டோம், பெல்ட் மாட்டாது என்று அந்தத் தாளில் எங்கே இருக்கிறது? அடுத்த டிரிப் எங்களுக்கு ஏது, ரஃபீக்தான் போகிறானே.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஓட்டுநரை வேலையை விட்டு அனுப்பிவிட்டு இதை முடித்துவிடாதீர்கள். அன்று காலையிலும் ஒரு டிரிப் ஓட்டிவிட்டு, சாப்பிடக்கூட நேரமில்லாமல் வந்ததாகத் திரும்பும் வழியில் சொன்னார், ரஃபீக்கிடம் இரண்டு முறை மன்னிப்புக் கேட்டார். அவரும் எங்களைப் போலப் பிழைக்க வந்தவர்தான். அந்த பெல்ட்டோடு வண்டியை வெளியே அனுப்பியது உங்கள் கம்பெனி.

900 திர்ஹாமையும் கிளினிக் பில் 420-ஐயும் திருப்பித் தாருங்கள். அந்த வண்டியின் பின் வரிசை பெல்ட்டை மாற்றும்வரை அதில் யாரையும் ஏற்றாதீர்கள், இதே வண்டியில் நாளைக்குக் குழந்தைகளோடு ஒரு குடும்பம் உட்காரலாம், பணத்தைவிட எனக்கு அதுதான் பெரிது. மாற்றியதும் போட்டோ எடுத்து அனுப்புங்கள். பத்து நாளுக்குள் பதில் வராவிட்டால் துபாய் பொருளாதாரம் மற்றும் சுற்றுலாத் துறையில் புகார் கொடுப்பேன்.

புக்கிங் ரசீது, கிளினிக் பில், நாலு போட்டோக்கள் இணைத்திருக்கிறேன். மூன்றாவது போட்டோ அந்த பக்கிள், பெரிதாக்கிப் பார்த்தால் உள்ளே மணல் தெரியும்.

இப்படிக்கு,
சனிக்கிழமை வந்த ஆறு பேர் சார்பில், கராமாவிலிருந்து