மீனாவுக்கு, நியூஜெர்சியிலேர்ந்து

அன்புள்ள மீனா,

லெட்டர் கிடைச்சுதுடி. அண்ணனுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதுன்னு படிச்சப்புறம்தான் நிம்மதியாச்சு, சொட்டு மருந்தை நேரத்துக்கு விடச் சொல்லு. இங்க குளிர் ஆரம்பிச்சாச்சு, முட்டிவலி கொஞ்சம் படுத்துது, மத்தபடி எல்லாரும் சௌக்கியம். மகள் வேலைக்குப் போற நாள்ல பேரன் என்கிட்டதான், நாலு வயசு, வாய் ஓயாது.

நீ எழுதியிருந்தியே, விளம்பரம் காட்டுறது அவன் வேலை, வாங்குறதும் வாங்காததும் நம்ம இஷ்டம், இதுல ஃபாஸ்ட் ஃபுட் கம்பெனியை குத்தம் சொல்லி என்ன பிரயோஜனம்னு. அதையேதான் யோசிச்சுட்டு இருக்கேன், என்னால ஒத்துக்க முடியல மீனா. ஏன்னா இங்க விளம்பரம் முதல்ல பிடிக்கிறது பெரியவங்களை இல்ல. என் பேரனுக்கு இன்னும் ஒரு வார்த்தை படிக்கத் தெரியாது, ஆனா ரோட்டுல எங்கயோ தூரத்துல மெக்டொனால்ட்ஸ்ங்கற பர்கர் கடையோட மஞ்சள் எம் எழுத்து தெரிஞ்சா போதும், கார் சீட்ல துள்ளுவான். 1963லயே மெக்டொனால்ட்ஸ்காரங்க கோமாளி வேஷம் போட்டு டிவியில குழந்தைங்ககிட்ட பேச ஆரம்பிச்சாச்சு, 1979ல குழந்தைங்களுக்குன்னே பொம்மையோட குடுக்குற ஹேப்பி மீல் சாப்பாடு வந்துச்சு. ஸ்டான்ஃபோர்டு யுனிவர்சிட்டில 2007ல ஒரு ஆய்வு பண்ணாங்க, மூணுலேர்ந்து அஞ்சு வயசு பிள்ளைங்களுக்கு ஒரே சாப்பாட்டை ரெண்டா வச்சு, ஒண்ணை சாதா பேப்பர்லயும் இன்னொண்ணை மெக்டொனால்ட்ஸ் பேப்பர்லயும் சுத்திக் குடுத்தாங்க. மெக்டொனால்ட்ஸ் பேப்பர்ல இருந்ததுதான் ருசின்னு நிறைய பிள்ளைங்க சொல்லுச்சுங்க, கேரட்டைக்கூட! வீட்டுல டிவி அதிகமா இருக்குற பிள்ளைங்ககிட்ட இது இன்னும் ஜாஸ்தியா இருந்துச்சாம். பேப்பர் பாத்து நாக்கு ருசி சொல்லுதுன்னா அங்க இஷ்டம் எங்கடி இருக்கு?

தடுக்கப் பாக்காம இல்ல. 1978ல ஃபெடரல் டிரேட் கமிஷன், அதாவது இங்க வியாபாரத்தைக் கண்காணிக்கிற அரசாங்க அமைப்பு, விளம்பரம்னா என்னன்னே புரியாத வயசு பிள்ளைங்களைக் குறிவச்சு டிவியில விளம்பரம் போடக்கூடாதுன்னு ஒரு விதி கொண்டுவரப் பாத்துச்சு. கம்பெனிங்க எல்லாம் சேர்ந்து எதிர்த்தாங்க, பெரிய பத்திரிகையே இது நாட்டுக்கு ஆயா வேலை பாக்குற கமிஷன்னு எழுதுச்சு, கடைசில 1980ல காங்கிரஸ், அதான் இந்த ஊர் பார்லிமென்ட், சட்டம் போட்டு கமிஷனோட அதிகாரத்தையே வெட்டிருச்சு. அதே வருஷம் பக்கத்துல கனடாவோட கியூபெக்ல பதிமூணு வயசுக்குக் கீழ இருக்குறவங்களுக்கு விளம்பரமே கூடாதுன்னு சட்டம் நடைமுறைக்கு வந்துருச்சு பாரு, மனசு இருந்தா முடியும்தானே. அப்புறம் சான்ஃபிரான்சிஸ்கோல, கலோரி ஜாஸ்தியா இருக்குற சாப்பாட்டோட பொம்மையை இலவசமா குடுக்கக்கூடாதுன்னு சட்டம் போட்டாங்க, 2011 கடைசில அமலுக்கு வந்தப்ப மெக்டொனால்ட்ஸ்காரங்க பொம்மைக்கு பத்து சென்ட் விலை வச்சு வித்தாங்க, அவ்ளோதான், சட்டம் செத்துப் போச்சு.

இன்னொண்ணு, நம்மளை மாதிரி சைவக்காரங்களுக்கு. 1990ல மெக்டொனால்ட்ஸ்காரங்க மாட்டுக்கொழுப்பை விட்டுட்டு சுத்தமா வெஜிடபிள் ஆயில்லதான் உருளைக்கிழங்கு ஃப்ரைஸ் பொரிக்கிறோம்னு சொன்னாங்க. அதை நம்பி எத்தனையோ இந்துக் குடும்பங்க சாப்பிட்டாங்க. ஆனா அதுல மாட்டிறைச்சி ஃப்ளேவர் சேர்க்குறாங்கன்னு அப்புறம்தான் தெரிஞ்சு 2001ல கேஸ் போட்டாங்க, மறு வருஷம் கம்பெனி மன்னிப்பு கேட்டு, ஒரு கோடி டாலரை சைவ அமைப்புங்க, இந்து அமைப்புங்களுக்கெல்லாம் தர்றதா செட்டில் பண்ணாங்க. தெரியாம சாப்பிட்டவங்க இஷ்டப்பட்டா சாப்பிட்டாங்க? 2018லேர்ந்து பெரிய செயின் கடைங்க எல்லாம் மெனுலயே கலோரி போடணும்னு சட்டம் இருக்கு, அது நல்லதுதான். ஆனா ரெண்டு ஷிஃப்ட் முடிச்சு ராத்திரி ஒன்பது மணிக்கு பசியோட இருக்குற பிள்ளையை பின்சீட்ல வச்சுக்கிட்டு கார்லேர்ந்து இறங்காமலே சாப்பாடு வாங்குற டிரைவ் த்ரூல நிக்குறவ நம்பரையா பாப்பா? அவளை நான் குத்தம் சொல்லமாட்டேன். இந்த நாட்டுல எந்த ஒரு நாளை எடுத்தாலும் பெரியவங்கள்ல கிட்டத்தட்ட மூணுல ஒருத்தர் ஃபாஸ்ட் ஃபுட் சாப்பிடுறாங்கன்னு அரசாங்கக் கணக்கே சொல்லுச்சு, அத்தனை பேரும் சோம்பேறிங்களா என்ன?

மகள் இப்போ பேரனுக்கு விளம்பரம் வர்ற வீடியோ எதுவும் போடுறதில்ல, நான்தான் ராத்திரி ரசம் சாதம் பிசைஞ்சு கதை சொல்லி ஊட்டுறேன், சாப்பிடுறான். உன் பேத்தி போன்ல கார்ட்டூன் பாக்குறான்னு எழுதியிருந்தல்ல, நடுவுல என்னென்ன விளம்பரம் வருதுன்னு ஒரு நாள் பக்கத்துல உக்காந்து பாத்துட்டு எழுதுடி, அப்புறம் மறுபடி சண்டை போடலாம்.

உன்
வசந்தா