விவாதத்தை பம்பைமடுவில வையுங்கோ

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

மாகாண சபைத் தேர்தல் எண்டு திருப்பியும் பேப்பரில கிடக்கு. நாங்கள் கடைசியா வோட்டுப் போட்டது 2013 இல, 2018 ஒக்டோபரோட சபையின்ர காலமும் முடிஞ்சிது, பிறகு ஒண்டுமில்லை. எப்ப வைச்சாலும் இந்தமுறை வோட்டுக் கேட்டு வாற எல்லாக் கட்சிக்காரரையும் பம்பைமடுவில இருக்கிற வவுனியா யூனிவர்சிட்டியில ஒரே மேடையில இருத்தி விவாதம் வைக்கோணும் எண்டு கேட்டுத்தான் எழுதுறன்.

ஊர்க் கூட்டம் எப்பிடியெண்டு தெரியும்தானே, மைக் மேடையில, சனம் கீழ கதிரையில, குளக்கட்டு, காணி, யானை எண்டு நாங்கள் வாய் திறக்க முதல் அடுத்த கூட்டத்துக்கு நேரம் போட்டுது எண்டு வாகனத்தில ஏறிடுவினம்.

அமெரிக்காவில சனாதிபதி வேட்பாளர் விவாதங்களைக் கனதரம் கம்பசுகளிலதான் வைச்சவை. 1992 இல ரிச்மண்ட் யூனிவர்சிட்டியில சாதாரண சனம்தான் கேள்வி கேட்டது. ஒரு பொம்பிளை எழும்பி, நாட்டின்ர கடன் உங்களைச் சொந்தமா எப்பிடிப் பாதிச்சது எண்டு கேக்க புஷ் தடுமாறிப் போனார், அவர் மணிக்கூட்டைப் பாத்ததும் கமராவில விழுந்திட்டுது, கிளின்டன் அவவுக்குக் கிட்டப் போய் நிண்டு கதைச்சார். எழுதி வைச்சு வாசிக்கிற பேச்சில உது வெளிவருமே? 2024 இல வேர்ஜினியா ஸ்டேட் எண்ட கறுப்பினச் சனத்தின்ர கம்பசுக்கு முதல்தரம் வாய்ப்புக் கிடைச்சிது, கடைசியில கம்பசுகளை விட்டிட்டு ரிவிக்காரர் பார்வையாளர் இல்லாமலே நடத்திச்சினம், வாசிக்க எனக்கு மனசு பொறுக்கேல்லை. அந்த வருசம் இஞ்ச சனாதிபதித் தேர்தலில நிண்ட சஜித்துக்கும் அநுரவுக்கும் வைக்கிறம் எண்ட விவாதமும் திகதியளவிலயே நிண்டு போச்சு.

கம்பசுக்குள்ள அரசியல் வேண்டாம் எண்டு சிலர் சொல்லுவினம். பம்பைமடுப் பிள்ளையள் எல்லாம் வோட்டுப் போடுற வயசுக்காரர் ஐயா. 2021 ஓகஸ்ட் மட்டும் யாழ்ப்பாணத்தின்ர வளாகமா இருந்திட்டு இப்ப தனி யூனிவர்சிட்டி, தமிழ், சிங்கள, முஸ்லிம் பிள்ளையள் ஒண்டாப் படிக்கினம், மூண்டு பகுதியும் கேக்கட்டும். ஆனா முதல் கேள்வியை 2017 இல இருந்து வவுனியா ரோட்டோரத்தில பந்தலுக்க இருந்து காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையளைத் தேடின அம்மாமாருக்குக் குடுக்கோணும், மறுமொழி சொல்லி முடியுமட்டும் மைக்கை அவையளிட்ட இருந்து வாங்கக்கூடாது.

இன்னொண்டு, பின்னேரம் வைச்சா நெடுங்கேணி, மல்லாவிப் பக்கத்துச் சனம் திரும்பிப் போக பஸ் பிடிக்கேலாது, காலமையே தொடங்குங்கோ.

இப்படிக்கு,
நெடுங்கேணி வாசகி