கடல் பாம்புக்கும் ஒரு மருந்து வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

கரையில் கடல் பாம்பு ஒதுங்கினால் உடனே கம்பைத் தேடுகிறோம். அது தரையில் துரத்தி வந்து கடிக்காது சார், வயிற்றுச் செதில்கள் சிறுத்துப்போனதால் மணலில் நகரவே திணறும். தண்ணீருக்குள் கதையே வேறு. வால் துடுப்பு மாதிரி தட்டை, மூக்குத் துளையை மூடிக்கொள்ள வால்வு, ஏறக்குறைய வால் வரை நீளும் ஒரே நுரையீரல், அது போதாதென்று தோல் வழியாகவும் கொஞ்சம் ஆக்சிஜன் எடுத்துக்கொள்ளும். அதிகப்படி உப்பை நாக்குக்கு அடியில் உள்ள சுரப்பி வெளியேற்றிவிடும். ஆனாலும் கடல்நீரைக் குடித்துத் தாகம் தீர்த்துக்கொள்ள அதனால் முடியாது. மஞ்சள் வயிற்றுக் கடல் பாம்பு மழை பெய்து கடல் மேல் படியும் நல்ல தண்ணீருக்காகவே காத்துக் கிடக்கும்!

என் கவலை வலை இழுக்கிறவர்களைப் பற்றி. வங்காள விரிகுடா ஓரம் கெளிறு தின்று வாழும் மூக்கு வளைந்த கடல் பாம்பு மீனோடு வலையில் ஏறிவிடும், விஷமோ கடுமை. கடித்த இடத்தில் வலி பெரிதாக இருக்காது, அதனால் பலர் அலட்சியமாக வேலையைத் தொடர்கிறார்கள், சில மணி நேரத்தில் உடம்பெல்லாம் தசைவலி, சிறுநீர் கறுத்து, அப்புறம் சிறுநீரகமே நின்றுபோகலாம். நம் மருத்துவமனைகளில் இருக்கும் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்குக்கு மட்டுமே. கடல் பாம்புக்கான மருந்து ஆஸ்திரேலியாவில் தயாராகிறது. அதைத் துறைமுக ஊர்களின் அரசு மருத்துவமனைகளிலாவது வாங்கி வைக்கக் கூடாதா?

— ஒரு வாசகர், நாகப்பட்டினம்