தம்பியின் மூச்சைக் காத்தவர்களுக்கும், கதவுக்கு வெளியே எங்களைக் காத்தவர்களுக்கும்

அனைவருக்கும் வணக்கம்.

பாலக்கோட்டுக்கு அருகிலுள்ள எங்கள் சிற்றூரில், கடந்த ஐப்பசியில் தீபாவளிக்கு நான்கு நாள் இருக்கும்போது, என் சின்னத் தம்பியைக் கட்டுவிரியன் கடித்தது. ஒன்பது நாள் அவன் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் வெண்டிலேட்டரின் துணையோடு கிடந்தான். இப்போது வயலுக்குப் போய் வருகிறான். மருத்துவர்களுக்கு அம்மா அன்றே கையெடுத்துக் கும்பிட்டு நன்றி சொல்லிவிட்டார். ஆனாலும் அவனுடைய உடன்பிறந்தவர்களாகிய எங்கள் மூவருக்கும், அதாவது கிருஷ்ணகிரியில் வாழ்க்கைப்பட்ட மூத்தவளாகிய எனக்கும், ஓசூரில் தொழிற்சாலை வேலையிலிருக்கும் பெரிய தம்பிக்கும், தருமபுரியில் கல்லூரியில் படிக்கும் தங்கைக்கும், தனியாகச் சொல்ல வேண்டிய நன்றி ஒன்று இருக்கிறது. ஒருவன் உள்ளே கிடக்கும்போது தாய்க்கு ஆறுதல் சொல்ல ஊரே வரும். அக்காவையும் அண்ணனையும் தங்கையையும் ஓடியாட வேண்டியவர்களாகத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். எங்களையும் நோயாளியின் சொந்த இரத்தமாகப் பார்த்தவர்களுக்காகவே இந்த மடலை எழுதுகிறேன்.

அன்றிரவு மழை பெய்து ஓய்ந்திருந்தது. வீட்டில் இருப்பது ஒரே கட்டில். செமஸ்டர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த தங்கைக்கு அதை விட்டுக்கொடுத்துவிட்டு, தம்பி தரையில் பாய் விரித்துப் படுத்தான். கட்டுவிரியன் இரவில் நடமாடுவது. தரையில் தூங்குகிறவர்களையே பெரும்பாலும் கடிக்கிறது. அதன் பல் மிகச் சிறியது என்பதால் வலியோ வீக்கமோ தடமோ இல்லாமல் போவதும் உண்டு. விடியற்காலை மூன்று மணிக்கு வயிற்று வலி என்று எழுந்தவனைத் தங்கை ஒரு தனியார் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல, அங்கே வாயுத் தொல்லை என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். வீடு திரும்பியபோது அவனால் இமையைத் தூக்க முடியவில்லை, நாக்குக் குழறியது. பக்கத்து வீட்டுப் பெரியவர்தான் டார்ச் விளக்கை அவன் முகத்தில் அடித்துப் பார்த்துவிட்டு, "இது வயித்து வலி இல்ல சாமி, கண்ணு சொக்குது பாரு, விரியன் தீண்டியிருக்கு" என்றார். மந்திரிக்கலாம் என்று கிளம்பியவர்களைத் தடுத்து, தன் மோட்டார் சைக்கிளிலேயே அவனை நடுவில் உட்காரவைத்து, பின்னால் தங்கையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் சேர்த்த அந்தப் பெரியவருக்கு எங்கள் முதல் வணக்கம்.

சுகாதார நிலையத்தில் இருந்த இளம் மருத்துவர், கடித்த இடத்தைத் தேடி நேரத்தை வீணாக்காமல், தொங்கிய இமையையும் குழறிய பேச்சையும் பார்த்தே முடிவெடுத்து, பத்துக் குப்பி விஷமுறிவு மருந்தை ஏற்றத் தொடங்கினார்; அது ஏறிக்கொண்டிருக்கும்போதே 108 ஊர்தியை வரவழைத்தார். வழியில் அவன் மூச்சு மெலியத் தொடங்கியது. ஊர்தியில் இருந்த மருத்துவ உதவியாளர் ஆம்பு பையை முகமூடியோடு பொருத்தி, தருமபுரி வரை கையாலேயே அழுத்தி மூச்சுக் கொடுத்துக்கொண்டு வந்தார். அழுதுகொண்டிருந்த என் தங்கையிடம், "நீ சத்தமா ஒன்னு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சுன்னு எண்ணும்மா, அஞ்சுக்கு நான் அழுத்தறேன்" என்றாராம். அவளும் அழுகையை விழுங்கிக்கொண்டு வழி முழுக்க எண்ணிக்கொண்டே வந்திருக்கிறாள். அவர் அந்த எண்ணிக்கை இல்லாமலே சரியாக அழுத்தக்கூடியவர் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. அன்று அவர் ஒரே நேரத்தில் இரண்டு பேரைக் காப்பாற்றினார்.

எங்களை அறியாத சிலருக்கும் இந்த இடத்தில் கைகூப்ப வேண்டும். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சையும் எடுத்துத்தான் நம் நாட்டின் விஷமுறிவு மருந்து தயாராகிறது. அந்த நஞ்சின் பெரும்பகுதியை, 1978இல் தொடங்கப்பட்டு வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தினர் தம் கையால் எடுத்துத் தருகிறார்கள். அந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தபோது, அந்தச் செய்தியை நான் படித்துவிட்டுக் கடந்து போனேன். என் தம்பியின் கையில் இறங்கிய குப்பிகளை நினைக்கும்போது, அன்று அப்படிக் கடந்து போனதற்காக வருந்துகிறேன்.

காலை பத்து மணிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது அவனைப் பார்த்தேன். வாயில் குழாய். நெஞ்சு மட்டும் கருவியின் தாளத்துக்கு ஏறி இறங்கியது. இரண்டு கண்களின் மேலும் வெள்ளைக் காகிதப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தார்கள். எங்கள் ஊரில் கண்ணை மூடிவிடுவது யாருக்கு என்பது எனக்குத் தெரியும். கால் தொய்ந்து சுவரில் சாய்ந்துவிட்டேன். பணியில் இருந்த செவிலியர் என் தோளைப் பிடித்து, இமைத் தசை செயலிழந்து கண் மூடாமல் நின்றால் கருவிழி காய்ந்து புண்ணாகிவிடும், அதனால்தான் களிம்பு போட்டு ஒட்டியிருக்கிறோம் என்று விளக்கினார். பிறகு அவன் காதருகில் குனிந்து, "கண்ணு, உங்க அக்கா வந்திருக்காங்க" என்றார். விரியனின் நஞ்சு தசையைத்தான் கட்டிப்போடுகிறது. மயக்க மருந்தின் வேகம் குறையும் நேரங்களில் அவனுக்கு எல்லாம் கேட்கும், வலிக்கும், ஆனால் ஒரு விரலைக்கூட அசைத்துக் காட்ட முடியாது என்று அவர் சொன்ன பிறகுதான், நான் என்னென்ன பேசலாம், எதைப் பேசக் கூடாது என்பதை உணர்ந்தேன்.

அதை உணராத உறவினர் ஒருவர், மறுநாள் கட்டிலருகிலேயே நின்று, கண்மணி விரிந்து கிடக்கிறது, இனி ஒன்றுமில்லை, வீட்டுக்கு எடுத்துப் போகிற வழியைப் பாருங்கள் என்று பேசத் தொடங்கினார். அதே செவிலியர் அவரை வெளியே அழைத்துப் போய், இந்தக் கடியில் கண்மணி விரிந்து நிற்பது உண்டு என்றும், அதை வைத்து உயிரைக் கணக்கிடக் கூடாது என்றும் பொறுமையாகச் சொல்லி அனுப்பினார். என் பெரிய தம்பி அந்த அம்மையாரின் காலைத் தொடப் போனான், அவர் தடுத்துவிட்டார்.

எங்கள் மூவரின் நிலையையும் மறைக்காமல் எழுத வேண்டும். உள்ளே போக ஒரு நேரத்துக்கு ஒருவருக்குத்தான் அனுமதி, அது அம்மாவுக்குப் போய்விடும், போகவும் வேண்டும். வெளியே வந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துத்தான் நாங்கள் அவன் எப்படி இருக்கிறான் என்று தெரிந்துகொண்டோம். மருத்துவர் சொல்வதைக் கேட்டு, அதில் எதை அம்மாவிடம் சொல்வது, எதை மறைப்பது என்று முடிவு செய்வது எங்கள் வேலையாயிற்று. அப்பா இல்லாத வீட்டில் கையெழுத்துப் போடுவது என் பொறுப்பாயிற்று. மூன்றாம் நாள் மாடிப்படியில் நின்று நானும் பெரிய தம்பியும் சண்டை போட்டோம். பெங்களூருக்குக் கொண்டுபோக வேண்டும், நிலத்தை அடகு வைக்கலாம் என்றான் அவன். வழியில் ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது என்றேன் நான். பிறந்ததிலிருந்து ஒருவரை ஒருவர் பேசிக்கொள்ளாத சொற்களை அன்று பேசினோம்.

அந்தச் சண்டையைக் கேட்டபடி படியேறி வந்த மருத்துவர் கடிந்துகொள்ளவில்லை. எங்கள் மூவரையும் தன் அறையில் உட்காரவைத்து, ஒரு தாளில் நரம்பையும் தசையையும் வரைந்து காட்டினார். விஷமுறிவு மருந்து இரத்தத்தில் திரியும் நஞ்சைத்தான் கட்டும், நரம்பின் நுனியைச் சிதைத்துவிட்ட நஞ்சை அது வெளியேற்றாது, அந்த நுனி தானாகவே மீண்டும் வளர வேண்டும், அதற்குச் சில நாளோ சில வாரமோ ஆகலாம், அதுவரை மூச்சைக் கருவி பார்த்துக்கொள்ளும், பெங்களூரிலும் இதைத்தான் செய்வார்கள் என்றார். நீண்ட நாள் ஆனால் கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைக்க நேரலாம் என்பதையும் ஒளிக்கவில்லை. இருபது நிமிடம் எங்களுக்காகச் செலவிட்டார். அன்றிரவு நானும் தம்பியும் ஒரே பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டோம்.

தங்கையின் வேதனை எங்களுடையதைவிட ஆழமானது. கட்டிலில் தான் படுத்ததால்தான் அண்ணனைப் பாம்பு கடித்தது என்று அவள் நம்பினாள். யார் சொல்லியும் கேட்கவில்லை, சோறு இறங்கவில்லை. தீவிர சிகிச்சை நோயாளியின் குடும்பத்தாரிடம் தங்கிவிடும் பயம், தூக்கமின்மை, குற்றவுணர்வு ஆகியவற்றுக்கு மருத்துவத்தில் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள் என்பதை, அவளைப் பார்க்க வந்த மனநல மருத்துவர் சொல்லித்தான் அறிந்தேன். அவரை நாங்கள் அழைக்கவில்லை. தங்கை சாப்பிடாமல் உட்கார்ந்திருந்ததைக் கவனித்த துப்புரவுப் பணியாளர் அம்மா, செவிலியரிடம் சொல்லி ஏற்பாடு செய்தது அது. தேர்வு தொடங்கியபோது அவளுடைய பேராசிரியர் தானே வந்து அழைத்துப் போய், எழுதி முடித்ததும் மருத்துவமனை வாசலில் கொண்டுவந்து விட்டார். ஐந்து தாள்களில் நான்கை அவள் எழுதினாள்.

வராந்தாவில் எங்களுக்குப் பக்கத்தில், தொப்பூர்க் கணவாயில் நடந்த விபத்தில் அடிபட்டவரின் தம்பி ஒருவர் இருந்தார். நாங்கள் போன அன்றே தன் பாயில் பாதியை விட்டுக்கொடுத்து, குடிநீர் எங்கே கிடைக்கும், மருந்துச் சீட்டை எந்த ஜன்னலில் நீட்ட வேண்டும் என்பதையெல்லாம் காட்டிக்கொடுத்தவர் அவர். ஆறாம் நாள் விடியலில் அவருடைய அண்ணன் இறந்துவிட்டார். போகும்போது அந்தப் பாயைச் சுருட்டி என் கையில் கொடுத்து, "உங்க தம்பி எழுந்துருவாரு அக்கா" என்றார். அந்த நேரத்தில் அவருக்குச் சொல்ல என்னிடம் ஒரு சொல்லும் இருக்கவில்லை. இன்றும் இல்லை. இந்த மடலைப் பார்த்தால், பாய் எங்கள் வீட்டில் பத்திரமாக இருக்கிறது என்பதை மட்டும் அவர் அறிய வேண்டும்.

என் இரண்டு பிள்ளைகளையும் ஒன்பது நாள் பார்த்துக்கொண்ட என் மாமியாருக்கும், பெரிய தம்பியின் ஷிப்டுகளைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்ட அவனுடைய தோழர்களுக்கும், தீபாவளியன்று ஒரு வெடிகூட வெடிக்காமல் இருந்த எங்கள் தெருப் பிள்ளைகளுக்கும் நாங்கள் கடன்பட்டிருக்கிறோம்.

ஏழாம் நாள் மாலை, அன்றாடம் கேட்பதுபோலவே செவிலியர், "கேட்குதுன்னா கால் கட்டைவிரலை ஆட்டு கண்ணு" என்று கேட்டார். விரல் அசைந்தது, நெல்மணி அளவுக்குத்தான் அசைந்தது. அம்மா அன்று எனக்கு விட்டுக்கொடுத்த அரைமணி நேரம் அது என்பதால், அதை முதலில் பார்க்கும் பேறு எனக்குக் கிடைத்தது. ஒன்பதாம் நாள் குழாயை எடுப்பதற்கு முன், கையில் பேனாவைப் பிடிக்க வைத்தபோது அவன் மூன்று முறை முயன்று கோணல்மாணலாக எழுதியது, "பாப்பா பரீட்சை?" என்பதுதான். அந்தத் தாளைத் தங்கை யாரிடமும் கொடுப்பதில்லை.

இரண்டாம் நாளிலேயே அந்தச் செவிலியர் எங்களிடம் ஒரு நோட்டு வாங்கச் சொல்லியிருந்தார். இங்கே கிடக்கிறவர்களுக்குப் பிறகு நாள்கள் குழம்பிப் போகும், கெட்ட கனவும் நடந்ததும் கலந்துவிடும், அன்றன்று நடந்ததை எழுதி வையுங்கள், அவருக்கு வேண்டியிருக்கும் என்றார். நாங்கள் மூவரும் மாறி மாறி இடப்பக்கத்தில் மட்டும் எழுதினோம்: யார் வந்தார்கள், மருத்துவர் என்ன சொன்னார், அன்று மழையா வெயிலா என்பதெல்லாம். அவன் வீடு திரும்பி இரண்டு மாதமாகிறது. இப்போது இரவில், புதிதாக வாங்கிய கட்டிலில் கொசுவலைக்குள் உட்கார்ந்து, வலப்பக்கத்தில் தனக்குக் கேட்டதை அவன் எழுதிக்கொண்டிருக்கிறான். அந்த உறவினர் பேசியது அங்கே இருக்கிறது. தங்கை அழுதது இருக்கிறது. "உங்க அக்கா வந்திருக்காங்க" என்பதும் இருக்கிறது. நான்காம் நாள் வரைக்கும் வந்திருக்கிறான்.

என்றும் நன்றியுடன்,
அவனுடைய அக்கா, அண்ணன், தங்கை