டெட்ராய்ட்டிலிருந்து அப்பா

அன்பு மகனுக்கு,

ஹீட்டரைச் சரிசெய்தாகிவிட்டது. முழங்கால் வலி பரவாயில்லை. மூன்று ஞாயிறாக நீ போன் செய்யவில்லை. வேலையாக இருப்பான் என்று அக்காவிடம் சொல்லிவைத்திருக்கிறேன். ஆனால் நெட்டில் நீ பேசிப் போடும் வீடியோக்கள் மட்டும் தவறாமல் வருகின்றன, ராத்திரி இரண்டு மணிக்குக்கூட. நேரத்துக்குத் தூங்கு.

நம் கறுப்பினப் பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸைப் பற்றி நீ பேசியதை முடிவெட்டும் கடையில் எல்லாரும் சேர்ந்து பார்த்தோம். 1892இல் மெம்பிஸில் அவருடைய பத்திரிகை அலுவலகத்தை அடித்து நொறுக்கியதையும், அப்புறமும் அவர் எழுதுவதை நிறுத்தாததையும் நீ சொன்னபோது கடையில் ஒரு சத்தம் இல்லை. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அடுத்த வாரமே அதே கிழவர்களை விலைபோனவர்கள் என்று பேசினாய். அதையும் அவர்கள் பார்த்தார்கள். உன்னைத் தோளில் தூக்கி வளர்த்தவர்கள்.

உன் கொள்ளுத்தாத்தா புல்மன் கம்பெனியின் தூங்கும் பெட்டி ரயிலில் ஒளித்துக் கொண்டுபோன 'சிகாகோ டிஃபெண்டர்' என்ற நம் கறுப்பினப் பத்திரிகைக் கட்டுகளை நினைத்துப் பார். தெற்கு மாநிலங்களில் ஒரே பிரதி எத்தனை கை மாறும், சர்ச்சில் எத்தனை பேருக்கு உரக்க வாசிப்பார்கள்! அதில் எழுதியதற்கு ராபர்ட் அபட் என்று ஒரு மனிதர் சிகாகோவில் பொறுப்பாக இருந்தார். 'வீட்டிலேயே இருங்கள், ஓட்டுப் போடாததும் போராட்டம்தான்' என்று ஒரு படத்தைக் காட்டிப் பேசினாயே, அதற்கு யார் பொறுப்பு? யார் எழுதியது என்று பார்த்துவிட்டுப் பேசு. நேரத்துக்குத் தூங்கு.

நேரில் சொல்ல வாய் வராததால்தான் கடிதம். 2016 அதிபர் தேர்தலில் நான் ஓட்டுப் போடவில்லை. அன்று ராத்திரி நீ போனில் கேட்டபோது போட்டேன் என்றது பொய்.

அந்த வருஷம் ஃபேஸ்புக்கில் பிளாக்டிவிஸ்ட் என்ற பக்கத்தை விடாமல் படித்தேன். போலீஸ் நம் பிள்ளைகளை அடிக்கிற வீடியோக்கள். அவை நிஜம். என் கோபமும் நிஜம். அதே மாதிரி வேறு பக்கங்கள் ஓட்டே போட வேண்டாம் என்றன. யார் எழுதுகிறார்கள் என்று ஒரு தடவைகூட நான் கேட்கவில்லை. சர்ச்சிலும் நாலு பேரிடம் அதையே சொன்னேன். நம் மிச்சிகன் மாநிலத்தில் வெறும் 10,704 ஓட்டு வித்தியாசத்தில் முடிவு வந்தது. மறு வருஷம்தான் தெரிந்தது, ரஷ்யாவில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் சம்பளத்துக்கு உட்கார்ந்து நம்மைப் போல அந்தப் பக்கங்களை எழுதியிருக்கிறார்கள். 2019இல் செனட் குழுவின் அறிக்கை, அவர்கள் எல்லாரையும்விட அதிகமாகக் குறிவைத்தது கறுப்பினத்தவரைத்தான் என்றது. அந்தச் செய்தி ஓடியபோது நீ சமையலறையில் நின்று, "இதையெல்லாம் யார் நம்பியிருப்பார்கள்?" என்று கேட்டாய். நான் டிவியை அணைத்துவிட்டேன்.

மிசிசிப்பியில் ஓட்டுப் போட விடாமல் துரத்தப்பட்ட உன் பாட்டி, டெட்ராய்ட்டுக்கு வந்த பிறகு ஒரு தேர்தலையும் விட்டதில்லை. அவள் மகன் நான் அன்று, கால் நன்றாக இருந்தபோதே, வீட்டில் உட்கார்ந்திருந்தேன். சர்ச்சில் அந்த நாலு பேரிடமும் இன்னும் சொல்லவில்லை. முதலில் உன்னிடம் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுவேன். வீடியோவைப் பற்றி நானாக எதுவும் கேட்கமாட்டேன். போன் செய்.

அப்பா