பேழைக்குத் திரும்பிப் போகும் வரி: கென்டக்கி சட்டமன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

கென்டக்கி சட்டமன்ற உறுப்பினர்களுக்கு, வணக்கம்.

நீங்கள் யாரும் தமிழ் படிக்கப் போவதில்லை. இருந்தாலும் எனக்குத் தமிழில்தான் ஒழுங்காகக் கோபம் வருகிறது. இதே சங்கதியைச் சுருக்கி ஆங்கிலத்திலும் அனுப்பியிருக்கிறேன்.

போன கோடையில் ஊரிலிருந்து வந்திருந்த அம்மா அப்பாவை வில்லியம்ஸ்டவுனில் ஒரு கிறிஸ்தவ அமைப்பு நடத்தும் சுற்றுலாத் தலத்துக்குக் கூட்டிப்போனேன். காரை விட்டுவிட்டு அவர்களுடைய பேருந்தில் ஏறிப்போனால், திடீரென்று எதிரே நோவாவின் பேழை, பைபிள் கதையில் பெருவெள்ளத்துக்குத் தப்பிய கப்பல். 510 அடி நீளம். பைபிளின் ஆதியாகமம் சொல்லும் 300 முழத்தை அளந்து கட்டியதாம். "யம்மாடி, எவ்வளவு மரம்!" என்று அம்மா வாயைப் பிளந்தார். எனக்கும் வியப்புதான். உள்ளே கூண்டுகளில் டைனோசர்களும் இருந்தன. சரி, அது அவர்கள் நம்பிக்கை. டிக்கெட் வாங்கிப் பார்க்கப் போனது நான்.

அப்பா வணிகவரி அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எந்த பில்லையும் படிக்காமல் மடிக்க மாட்டார். பரிசுக்கடை பில்லில் 6 சதவீத விற்பனை வரியைப் பார்த்துவிட்டு, "இது கவர்ன்மென்டுக்குத்தானே?" என்றார். போகும், ஆனால் திரும்பி வந்துவிடும் என்றேன். அவருக்குப் புரியவில்லை. புரியவைக்கப் போய்த்தான் எனக்கே எரிச்சல் வந்தது.

உங்கள் சுற்றுலா வளர்ச்சிச் சட்டப்படி, பெரிய சுற்றுலாத் தலம் கட்டுகிறவர்கள் செலவில் 25 சதவீதம் வரை, அங்கே வசூலாகும் விற்பனை வரியிலிருந்து 10 ஆண்டுகளில் திரும்பப் பெறலாம். பேழைக்கு 2016இல் ஒப்புக்கொண்ட தொகை 1.8 கோடி டாலர் வரை. அங்கே வேலை கேட்பவர் விசுவாச அறிக்கையில் கையெழுத்துப் போடவேண்டும்: உலகம் ஆறே நாளில் படைக்கப்பட்டது என்பது உட்பட. 2014இல் உங்கள் சுற்றுலாத் துறையே இதைக் காரணம் காட்டிச் சலுகையை மறுத்தது. பேழை நிறுவனத்தார் வழக்குப் போட்டார்கள். 2016 ஜனவரியில் கூட்டாட்சி நீதிபதி வான் டேட்டன்ஹோவ் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தார். அப்போதைய ஆளுநர் பெவின் மேல்முறையீடு செய்யவில்லை.

நீதிபதி சொன்னதில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். எல்லாருக்கும் உள்ள சலுகையை மதத்தைக் காட்டி மறுக்கக்கூடாது என்பது சரியான வாதம்தான். பேழை இல்லாவிட்டால் அந்த வரியே வந்திருக்காது என்பார்கள், அதுவும் ஓரளவுக்கு உண்மை. ஆனால் எல்லாருக்கும் பொதுவான சட்டத்தில் பணம் வாங்குகிறவர், எல்லாருக்கும் பொதுவாக வேலை கொடுக்கவேண்டாமா? என் வரி அங்கே செல்லும். அங்கே டிக்கெட் கிழிக்க நான் லாயக்கில்லை. நாளைக்கு எங்கள் ஆட்கள் 500 அடியில் ஒரு தேர் கட்டி, மறுபிறவியை நம்புவதாக எழுதிக் கொடுத்தால்தான் வேலை என்றால் நீங்கள் பணம் தருவீர்களா? தந்தாலும் எனக்கு இதே கோபம்தான் வரும்.

அப்புறம் அந்தப் பத்து டாலர் கதை. 2017இல் வில்லியம்ஸ்டவுன் நகராட்சி, போலீஸ், தீயணைப்புச் செலவுக்காக டிக்கெட்டுக்கு 50 சென்ட் கேட்டது. மாவட்டத்தின் மதிப்பீட்டில் 4.8 கோடி டாலர் பெறும் சொத்தை, பேழை நிறுவனம் தன்னோடு சேர்ந்த லாபநோக்கற்ற அமைப்புக்கே 10 டாலருக்கு விற்றது. இனி நாங்கள் மத அமைப்பு, கட்டணம் கிடையாது என்பது கணக்கு. மாநிலம் உடனே வரிச் சலுகையை நிறுத்தியது. சில நாளில் அதே 10 டாலருக்குச் சொத்து பழைய கைக்கே வந்தது. 50 சென்ட்டுக்கும் ஒப்புக்கொண்டார்கள். வாங்கும்போது வியாபாரம், கொடுக்கும்போது ஊழியம். அப்பா இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். அவர் பார்க்காத கணக்கா!

வழிபாட்டு இடம் கட்டவோ பராமரிக்கவோ யாரையும் பணம் கொடுக்கக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று உங்கள் அரசியல் சாசனத்தின் 5ஆம் பிரிவு சொல்கிறது. மதப் போதகர்களுக்காக வரி போடுவதை எதிர்த்து 1785இல், பின்னாளில் அமெரிக்க அதிபரான மேடிசன் எழுதினார், மூன்று பென்ஸ்கூடக் கேட்காதே என்று. அப்போது கென்டக்கி வர்ஜீனியாவோடுதான் இருந்தது.

நான் கேட்பது சட்டத்தில் ஒரே ஒரு வாக்கியம்: இந்தச் சலுகையை வாங்கும் எந்த நிறுவனமும், மதம் சார்ந்ததோ சாராததோ, வேலைக்கு எடுக்கும்போது மத நம்பிக்கையைக் கேட்கக்கூடாது. அது முடியாது என்பவர்கள் சலுகை இல்லாமல் நடத்திக்கொள்ளட்டும். கூட்டத்துக்குக் குறைவில்லை, நாங்கள் பேருந்துக்கே வரிசையில் நின்றோம்.

இப்படிக்கு,
லெக்சிங்டனில் வரி கட்டும் ஒரு தமிழன்